அப்பா காப்பாற்றிய வாக்கு

எங்கள் வீட்டு வேதாகமத்தில் பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்கும் இடத்தில் ஒரு வெற்றுத்தாள் இருக்கிறது. அச்சடித்தவர்கள் எதற்காக விட்டார்களோ, எங்கள் குடும்பம் அதில் தலைமகன்களின் பெயர்களை எழுதி வந்தது. நான்கு பெயர்கள். நான்காவதற்குக் கீழே, வேறு மையில், ஐந்தாவதாக ஒரு பெயர். ஐந்தாவது என்னுடையது. அதைச் சுரண்டி எடுக்க இரண்டு முறை பிளேடைக் கையில் எடுத்திருக்கிறேன். தாள் மெல்லியது. கிழிந்தால் மேலே இருக்கும் தம்பியின் பெயரும் சேர்ந்து போகும் என்று கீழே வைத்துவிட்டேன்.

முதல் பெயர் ஆபிரகாம். என் தாத்தாவின் அப்பா. திருநெல்வேலிச் சீமையில் ஞானஸ்நானம் வாங்கியதற்காக ஊர்க்கிணறும் பனங்காடும் இல்லாமல் போனவர். தேசத்தையும் தகப்பன் வீட்டையும் விட்டுப் புறப்பட்ட பழைய ஆபிரகாமுக்கு என்ன வாக்குக் கொடுக்கப்பட்டதோ, அது தனக்கும் சேர்த்துத்தான் என்று நம்பி அந்தப் பெயரையே வாங்கிக்கொண்டார். வானத்து நட்சத்திரங்களைப் போலச் சந்ததி. மகனுக்கு ஈசாக்கு என்று பெயர் வைத்தார். ஈசாக்கு கப்பலேறிப் பினாங்குக்கு வந்தார். அவர் மகன் யாக்கோபு, என் அப்பா. ஆண்டவரின் வம்ச வரிசையில் எது அடுத்த பெயரோ அதுதான் எங்கள் வீட்டுத் தலைமகனுக்கு. வேறு எந்தக் குடும்பமும் இப்படி ஒரு காரியத்தைச் செய்து நான் பார்த்ததில்லை. அப்பாவுக்குப் பிறகு வரவேண்டியவன் யூதா. வந்தவள் நான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இத்தனை வருஷமாக ஒருவரும் வாய் திறந்து சொல்லாதது. யூதா என்ற என் தம்பியை என் அம்மா பெறவில்லை. என் அத்தை பெற்றாள்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. சிறுபிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு எங்களோடு இருந்தாள். கல்யாணம் ஆகாதவள். தகப்பன் யார் என்று கேட்டு அப்பா குடையால் அடித்ததில் குடைக்கம்பி வளைந்துபோனது. அத்தை சொல்லவில்லை. வளைந்த குடையை மட்டும் நான் பார்த்திருக்கிறேன். மழைநாளில் அப்பா அதைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் போவார், ஒரு தோள் நனைந்துகொண்டே போகும். எதனால் வளைந்தது என்பது பின்னால் அம்மா சொல்லித்தான் தெரியும்.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அப்பா வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தார். ஆண்டவர் வாக்கு மாறாதவர் என்று முழங்காலில் நின்று சொன்னார். ஒருநாள் முழங்காலிலிருந்து எழுந்து, தானே ஏற்பாடு செய்யத் தொடங்கிவிட்டார். வாக்குக் கொடுத்தவருக்கு உதவி செய்ய பீச் ஸ்ட்ரீட் கப்பல் ஆபீஸில் கணக்கெழுதும் ஒரு கிராணி வேண்டியிருந்தது போலும்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அம்மாவையும் அத்தையையும் அக்கரையில் ஒரு தோட்டத்து வீட்டுக்கு அனுப்பினார். ஐந்து மாதம் நான் பக்கத்து வீட்டு நர்ஸம்மாவிடம் இருந்தேன். திரும்பி வந்தபோது அம்மா கையில் பிள்ளையோடு ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினாள். பின்னால் வந்த ரிக்‌ஷாவிலிருந்து அத்தை துணி மூட்டையோடு இறங்கினாள். சந்து முழுக்க வந்து பார்த்தது. "கடைசில கண்ணைத் திறந்துட்டாருலா ஆண்டவரு," என்றாள் நர்ஸம்மா. பிரசவம் பார்த்தே தலை நரைத்தவள் அவள். அம்மாவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கோயிலில் பெயர் வைத்தார்கள். பதிவேட்டில் தகப்பன் என்று அப்பா பெயரையும் தாய் என்று அம்மா பெயரையும் எழுதினார்கள். வீட்டுக்கு வந்து அப்பா அந்தத் தாளில் யூதா என்று எழுதி, மை காயும்வரை ஊதினார். அவர் கண்ணில் தண்ணீர் வந்ததை அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன்.

அந்தப் பிள்ளை அழுதால் அம்மாவிடம் அடங்காது. அத்தைதான் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போடுவாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றுவிடும்.

"உள்ள என்ன செய்றீங்க அத்தை?"

"பாட்டுப் பாடித் தூங்க வைக்கிறேன்."

கதவில் காதை வைத்துக் கேட்டிருக்கிறேன். ஒரு பாட்டும் கேட்டதில்லை. மனதுக்குள் பாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எட்டு வயதில் எதையும் நினைத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்ப ஜெபம். புதிய ஏற்பாட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் வம்சவரலாற்றை, ஆபிரகாம் தொடங்கி ஆண்டவர்வரை, நான் பார்க்காமல் ஒப்பிக்கவேண்டும். வாயில் நுழையாத பெயர்கள். மூச்சு விடாமல் சொல்வேன். சொல்லிக்கொடுத்தவர் அப்பா. அதில் வரும் பெண்களின் பெயர்களை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருந்தார். சின்னப் பிள்ளைக்கு அதெல்லாம் வேண்டாம் என்றார். ஒருநாள் அடுக்களையில் அத்தை இறால் உரித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன்.

"நாலு பொம்பளைய முழுங்கிட்டியேடி," என்றாள்.

"அப்பா வேணாம்னாரு."

"ஆண்டவரு வேணும்னு வெச்சிருக்காரே." ஒரு இறாலின் தலையைத் திருகிப் போட்டாள். "தாமாரு யாருன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அதான் வேணாம்னுருக்காரு."

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். அந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

தாமார் யார் என்று இன்று எனக்குத் தெரியும். முக்காடு போட்டு வழியோரத்தில் உட்கார்ந்து, மாமனார் யூதாவிடமிருந்தே பிள்ளையை வாங்கிக்கொண்டவள். அவளை உயிரோடு கொளுத்தச் சொன்னவன் அதே யூதாதான். கடைசியில் "அவள் என்னைவிட நீதியுள்ளவள்" என்று தன் வாயாலேயே சொன்னான். அந்தப் பிள்ளை வழியாகத்தான் வாக்கு இறங்கி வந்தது. விலைமகள் ராகாப் வழியாக வந்தது. அந்நிய தேசத்து விதவை ரூத் வழியாக வந்தது. ராஜா அபகரித்த உரியாவின் மனைவி வழியாக வந்தது. அப்பாவுக்கு இது தெரியாதா? கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் கோயிலில் நின்று அந்தப் பக்கத்தை வாசித்தவர் அவர்தான். கணீரென்று வாசிப்பார். அப்படி வாசித்தவர்தான் தங்கையைப் பின்னறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

என் கோபம் அப்போது வேறு திசையில் இருந்தது. தம்பி பெயர் எழுதிய மறுவாரம் அப்பாவிடம் கேட்டேன், என் பெயர் எங்கே என்று.

"நீ வேற வீட்டுக்குப் போறவ. அங்க எழுதுவாங்க."

"அவங்க எழுதலேன்னா?"

"வாயை மூடிக்கிட்டுப் படிக்கிற வேலையப் பாரு."

அத்தனை பெயர்களையும் ஒப்பிக்கத் தெரிந்தவள் நான். ஒன்றும் ஒப்பிக்காமல் தொட்டிலில் மூத்திரம் பெய்துகொண்டு கிடந்தவன் அந்தத் தாளில் இருந்தான். போய்த் தொடையில் கிள்ளினேன். நகம் பதியக் கிள்ளினேன். அத்தை பார்த்துவிட்டாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் பிள்ளையைத் தூக்கி, கிள்ளின இடத்தில் முத்தம் கொடுத்து, என்னையும் இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"இவன் உனக்கு எதிரி இல்லடி," என்றாள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது.

தம்பிக்கு ஏழு மாதம் ஆனபோது கெடா பக்கம் ஒரு தோட்டத்துக் கிராணி அத்தைக்கு மாப்பிள்ளையாக வந்தார். மனைவியை இழந்தவர், மூன்று பிள்ளைகள். வரும் சனிக்கிழமை கல்யாணம், அன்றைக்கே புறப்பாடு என்று முடிவானது. அலமாரியில் டப்பாப் பால் வந்து அடுக்கப்பட்டது. அத்தை அந்த டப்பாக்களைப் பார்த்தபடி நிற்பாள். துடைக்கிற சாக்கில் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பி வைப்பாள்.

புதன்கிழமை அப்பா என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். என் உயரத்துக்குக் குனிந்து பேசினார். அப்படிக் குனிந்ததே இல்லை.

"அத்தை தம்பியைத் தூக்கிக்கிட்டு சந்து தாண்டினா, ஓடி வந்து ஆபீஸ்ல சொல்லணும். யார்கிட்டயும் பேசாம நேரா என்கிட்ட."

"ஏம்ப்பா?"

"சொன்னா உன் பேரை எழுதுறேன். வாக்குக் கொடுக்கிறேன்."

வாக்கு என்ற சொல்லை எங்கள் வீட்டில் ஆண்டவரைத் தவிர வேறு யாருக்கும் பயன்படுத்தியதில்லை.

வியாழக்கிழமை காலை அப்பா ஆபீஸ் போனதும் அம்மா புடவை மாற்றிக்கொண்டாள். "நான் பசாருக்குப் போறேன்," என்று அத்தையிடம் சொன்னாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "பசாருக்குப் போறேன்," என்று மறுபடியும் சொன்னாள். கூடையை மறந்துவிட்டாள். எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். "பரவால்ல, உள்ள வெச்சிடு," என்று நடந்துகொண்டே இருந்தாள். அம்மாவுக்கு மறதி அதிகமாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். நாற்காலியில் அம்மாவின் கம்பளிச் சால்வை மடித்து வைத்திருந்தது. அந்த வெயிலில்.

அத்தை அதை எடுத்துத் தம்பியைச் சுற்றினாள். என்னை உட்கார வைத்துத் தலை சீவினாள்.

"ஜெட்டிக்குப் போலாமா? அக்கரைக்குப் போற ஃபெரி பாக்கலாம். அம்மா அங்க வந்துடுவா."

"தம்பியுமா?"

"தம்பி இல்லாம நான் எங்கடி போவேன்."

"எப்போ திரும்பி வருவோம்?"

ரிப்பன் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "நீ உடனே வந்திடலாம். செருப்பை மாட்டிக்க."

சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனேன். பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். ஓடினேன். சூலியா ஸ்ட்ரீட்டில் கடைகளுக்கு முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையில், அரிசி மூட்டைகளையும் படுத்துக்கிடந்த கூலிகளையும் தாண்டி, நாகூர் தர்கா தாண்டி, ஒரு செருப்பு கழன்று விழ, அதை விட்டுவிட்டு ஓடினேன். ஓடும்போது பெயர்களை ஒப்பித்துக்கொண்டே ஓடினேன். கடைசிப் பெயருக்குப் பிறகு என் பெயரைச் சேர்த்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஆபீஸில் நான் சொன்னதும் அப்பா பேனாவை மூடி வைத்தார், கோட்டை மாட்டினார், என் கையைப் பிடித்தார். ஜெட்டி நான்கு எட்டு தூரம்.

அத்தை பலகைப் பாதையின் நடுவில் தம்பியோடு நின்றிருந்தாள். கொஞ்சம் தள்ளி அம்மா, கையில் டிக்கெட்டோடு, கூடையில்லாமல். அத்தை தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் அப்படியே மலர்ந்தது.

"எங்கடி போயிட்டே? சந்து பூரா தேடினேன். உன்னால ஒரு ஃபெரியை விட்டுட்டேன்."

பிறகுதான் எனக்குப் பின்னால் வந்தவரைப் பார்த்தாள்.

"பிள்ளையைக் கொடு," என்றார் அப்பா. சத்தமே இல்லாமல்.

"யாரு பிள்ளைய அண்ணே?"

"ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். யாரு பிள்ளைன்னு ஒரு தரம் சொல்லுங்க, கொடுத்திடுறேன்."

"ஆண்டவர் கொடுத்த பிள்ளை," என்றார் அப்பா.

அத்தை சிரித்தாள். "யார்கிட்ட கொடுத்தாரு?"

"அவ போகட்டுங்க," என்றாள் அம்மா. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அப்பாவை எதிர்த்துச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். அப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"கோயில் பதிவுல தாய்னு யார் பேரு இருக்கு? போலீஸ் அதத்தான் பாக்கும். பிள்ளை திருடினவள்னு உன்னை உள்ள போடும். கூப்பிடவா?"

கப்பல்காரன் ஒருவன் கயிற்றருகே நின்று கத்தினான். "ஏறுறவங்க ஏறுங்கலா, அவுக்கப் போறேன்."

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை சால்வையைச் சரியாக இழுத்துச் சுற்றி, தம்பியை அப்பாவிடம் நீட்டினாள். அவன் வீறிட்டான். அந்த வீறலைப் போல ஒன்றை நான் பிறகு கேட்டதில்லை. அவள் இரண்டு எட்டு பின்னால் போய்ப் பலகைமேல் நின்றாள். பிறகு என்னிடம் வந்தாள். குனிந்து, ஓடியதில் அவிழ்ந்திருந்த ரிப்பனைக் கட்டிவிட்டாள்.

"செருப்பு எங்கடி ஒண்ணைக் காணோம்?"

"விழுந்திடுச்சு."

"சரி."

ஏறிப் போய்விட்டாள். அம்மா கையில் டிக்கெட் அப்படியே இருந்தது. டிக்கெட் இல்லாமல்தான் போனாள். கெடாவுக்குப் போகவில்லை. ஈப்போவில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பதாகச் சில வருஷம் கழித்து யாரோ சொன்னார்கள். ஜப்பான்காரன் ஆண்ட யுத்த காலத்துக்குப் பிறகு அந்தத் தகவலும் இல்லை.

அன்று சாயங்காலம் அப்பா வேதாகமத்தைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை இல்லை, இருந்தாலும் திறந்தார். ஆபீஸ் மையால் என் பெயரை எழுதினார், பெரிய எழுத்தில், கோணாமல். "வாக்குன்னா வாக்கு," என்றார். ஊதிக் காயவைத்தார். நான் சந்தோஷத்தில் எழுந்து நின்று முழு வரிசையையும் ஒப்பித்தேன். ஒரு பெண் பெயர்கூட இல்லாமல். உள்ளே தம்பி டப்பாப் பாலைத் துப்பித் துப்பி அழுதுகொண்டிருந்தான். அம்மா எழுந்து போனாள். அதன்பிறகு அம்மா எனக்குச் சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரிப்பன் மட்டும் கட்டியதில்லை. அப்பாவை அடக்கம் செய்த பிறகு ஒருநாள்தான் எல்லாவற்றையும் சொன்னாள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

அப்பாவை நினைத்தால் நான் இன்றும் பல்லைக் கடிக்கிறேன். அவர் பொய்யர் என்பதற்காக அல்ல. அவர் காத்திருந்த வாக்கு உண்மையிலேயே அவர் வீட்டுக்கு வந்தது, அதற்காகத்தான். ஆபிரகாமின் பேத்தி, ஈசாக்கின் மகள், அவள் பெற்ற பிள்ளை. அதே இரத்தம், ஒரு சொட்டும் குறையாமல். ஆண்டவர் தம் வழக்கப்படியே, எவரும் எதிர்பாராத ஒருத்தி வழியாக, அதைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். அப்பா செய்யவேண்டியிருந்ததெல்லாம் அவள் பெயரோடு அதை எழுதுவதுதான். ஒரு வரி. அதற்கு அந்த வம்சவரலாற்றுப் பக்கத்திலேயே நான்கு முன்மாதிரி இருந்தது, அச்செழுத்தில். அவர் பிள்ளையை எடுத்துக்கொண்டு வாசலைச் சாத்தினார்.

தம்பிக்கு இப்போது பாதித் தலை நரைத்துவிட்டது. மூத்தவனுக்குப் பாரேஸ் என்று பெயர் வைத்திருக்கிறான், வரிசை தவறாமல். தாமாரின் மகன் பெயர். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, "எனக்கொரு அத்தை இருந்தாங்களாமே, எப்படி இருப்பாங்க அக்கா?" என்று கேட்டான்.

"உன்னைப் போல இருப்பாங்க," என்றேன். அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை. இந்தப் பக்கங்களை அவன் படிப்பான். படிக்கட்டும். அத்தையின் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன். அதற்கென்று இருக்கும் தாளில், யூதா என்ற பெயருக்குப் பக்கத்தில், அதைத் தம்பிதான் எழுதவேண்டும். என் பெயரை என்ன செய்வது என்பதையும் அவனே முடிவு செய்யட்டும்.

ஒன்றுதான் பாக்கி. அன்று ஜெட்டியில், தம்பி அப்பாவின் தோளில் வீறிட்டுக்கொண்டிருக்க, அத்தை என் ரிப்பனைக் கட்டக் குனிந்தாள் அல்லவா, அப்போது அவள் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. இரண்டு பக்கமும், வட்டமாக, பார்க்கப் பார்க்கப் பெரிதாகிக்கொண்டிருந்தது. அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். அலை தெறித்துவிட்டது என்று நினைத்தேன்.

கடல் அன்று அசையவே இல்லை. எங்கள் காலடியில் பலகை காய்ந்து கிடந்தது.